ஏற்றதும் மறுத்ததும்

நுழையும்முன்

நோய் வந்தால் மருத்துவம் நாடுவது மனித இயல்பு. நோயுற்றவரைக் காக்க முயல்வது மருத்துவரின் கடமை. ஆயினும், வாழ்நாளின் இறுதியில் நோயுற்றவரே, இவ்வளவு போதும் என்று கூறும் வேளையும் வருவதுண்டு. அவ்வேளையில் அவர் சொல்லுக்கு எத்துணை மதிப்புத் தரவேண்டும்? இவ்வினாவுக்கு மருத்துவமும் சட்டமும் இன்று விடை தேடி வருகின்றன. சட்டம் இது குறித்துப் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தம் உடலைப் பற்றிய முடிவைத் தெளிந்த அறிவோடும் அமைந்த மனத்தோடும் எடுத்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் ஒரு மாலை

1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள். மதுரையிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி, மாலை மயங்கும் வேளையில் திருச்சிராப்பள்ளியை அடைந்தது. அதில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் தனியே அமர்ந்திருந்தான். வீட்டில் எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டிருந்தான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கெனத் தரப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். திண்டிவனத்திற்குப் பயணச்சீட்டு வாங்க இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா செலவாகிவிட்டது. கையில் மூன்றணாதான் மீதம். பசி எடுத்தது. அரையணாவுக்குப் பேரிக்காய் வாங்கினான். ஒரு வாய் கடித்ததுமே பசி அடங்கிவிட்டதாக உணர்ந்தான். வண்டி புறப்பட்டது.

அச்சிறுவன் மலைக்கோட்டைக்கும் செல்லவில்லை, திருவரங்கத்திற்கும் செல்லவில்லை. அவன் மனம் முழுவதும் அருணாசலம் என்னும் ஒரே பெயரில் நிலைத்திருந்தது. எனினும் அவன் கடந்து சென்ற அந்நிலப்பகுதி, உடலுக்கும் மனிதனின் விருப்பத்திற்கும் உள்ள உறவைப் பற்றிய இரு பழஞ்செய்திகளைத் தன்னகத்தே கொண்டது. இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன், தன் மைந்தரே தன்மீது பகைகொண்டு எழுந்தபோது போர்க்கோலம் பூண்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவரின் அறிவுரையால் போரைக் கைவிட்டான். பின்னர் வடக்கிருந்து உயிர் நீத்தான். அவனை ஒருமுறையேனும் நேரில் கண்டிராத நண்பர் பிசிராந்தையாரும் பாண்டிய நாட்டிலிருந்து வந்து அவனோடு வடக்கிருந்தார். மானமும் நட்பும் உயிரினும் பெரியனவாகக் கருதப்பட்ட காலத்தின் செய்தி அது.

மற்றொரு செய்தி திருவரங்கத்தைச் சார்ந்தது. இராமாநுசரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவரான கூரத்தாழ்வான், தம் ஆசிரியரைக் காக்கும் பொருட்டுக் கண்களை இழந்தவர். காஞ்சியில் இறைவனிடம் பார்வையை மீளக் கேட்குமாறு இராமாநுசர் பணித்தார். அவரோ தமக்குத் தீங்கு நேரக் காரணமாக இருந்தவனுக்கும் நற்கதி வேண்டும் என்றே கேட்டதாக வைணவ மரபு கூறும்.

உயிரையே துறந்தவன் சோழன். இழந்த உறுப்பைப் பெரிதாக எண்ணாதவர் கூரத்தாழ்வான். பேரிக்காயோடு அவ்வழியே சென்ற சிறுவனோ, ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்விரண்டினின்றும் வேறுபட்ட மூன்றாம் வழியொன்றைத் தன் வாழ்க்கையால் காட்டினான். அவன் பெயர் வெங்கடராமன். உலகம் அவரை இரமண மகரிஷி என்று அறியும்.

சாவைப் பற்றிய வினா

வெங்கடராமன் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருச்சுழியில் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர்; தாயார் அழகம்மாள். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்தார். அதன்பின் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் இல்லத்தில் தங்கிப் படித்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். நினைவாற்றல் மிக்கவர், ஆயினும் பாடத்தைவிட விளையாட்டில் நாட்டம் மிகுந்தவர். உடல் வலிமை வாய்ந்தவர். நோய் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லாதவர்.

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், வீட்டின் மாடியறையில் தனியே இருந்தபோது, தாம் இறக்கப்போகிறோம் என்னும் அச்சம் திடீரென அவரைப் பற்றியது. உடலில் எக்குறையும் இல்லை; ஆயினும் அச்சம் உண்மையாக இருந்தது. மருத்துவரை நாடலாம் என்றோ பெரியோரிடம் கூறலாம் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. இறப்பு என்றால் என்ன என்று அங்கேயே ஆராய முற்பட்டார். கை கால்களை நீட்டிப் பிணம்போல் படுத்தார், மூச்சை அடக்கினார். இவ்வுடல் இறந்துவிட்டது, இதைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவர் என்று எண்ணிப் பார்த்தார். உடல் அழிந்தாலும் அதைக் கண்டுகொண்டிருக்கும் தான் அழியவில்லை என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. சாவச்சம் அன்றே அவரைவிட்டு நீங்கியது.

அவர் பிற்காலத்தில் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள இந்நிகழ்ச்சி இன்றியமையாதது. முதுமையில், நோயின் கொடுமை தாங்காமல் எழுந்த சலிப்பினால் அவர் மருத்துவத்தை மறுத்தார் என்று எவரும் கருதலாகாது. உடல் வேறு, தான் வேறு என்னும் கொள்கை, உடல் நல்ல நிலையில் இருந்த இளமையிலேயே அவருள் வேரூன்றிவிட்டது. அதன்பின் சில வாரங்களில் அவர் வீட்டைவிட்டு வெளியேறி, திருச்சிராப்பள்ளி, விழுப்புரம், திருக்கோவலூர் வழியாகச் செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் அவ்வூரைவிட்டு அவர் நீங்கவே இல்லை.

உடலைப் பேணிய கைகள்

தொடக்கக் காலத்தில் அவர் உடலைப் பற்றிய நினைவே இல்லாதிருந்தார். அருணாசலேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலுள்ள பாதாள இலிங்கத்தின் அருகே இருட்டில் அமர்ந்திருந்தபோது பூச்சிகள் அவர் தொடைகளை அரித்துப் புண்ணாக்கின. அவரை அங்கிருந்து வெளியே தூக்கி வந்து காத்தவர்கள் பிறரே. சேஷாத்திரி சுவாமிகளும் அடியவர் சிலரும் அவருக்கு உணவூட்டிப் பேணினர். இக்காலத்தை நோக்குவோர், உடலை வெறுத்து ஒதுக்கியவர் அவர் என்று எண்ணக்கூடும். பிற்கால வாழ்க்கை அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

விரூபாட்சக் குகையிலும் பின்னர்க் கந்தாசிரமத்திலும் வாழ்ந்த ஆண்டுகளில் அவர் இயல்பான வாழ்வுக்குத் திரும்பினார். மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவானபின், விடியுமுன் எழுந்து சமையலறையில் காய்கறி நறுக்கினார், துவையல் அரைத்தார், நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தார். மூட்டுவலிக்குத் தைலம் தடவ வந்தோரைத் தடுக்கவில்லை. 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இரவில் திருடர்கள் ஆசிரமத்துள் புகுந்து அவரது இடத்தொடையில் அடித்தனர். இளைஞரான அடியவர் ஒருவர் திருடரைத் திருப்பித் தாக்க முனைந்தபோது அவர் தடுத்துவிட்டார். அடிபட்டோருக்கு மருந்து தடவச் செய்தார். காயத்திற்கு மருந்திடுவதில் அவருக்கு எவ்வித மறுப்பும் இல்லை. உடல் போற்றத்தக்கதும் அன்று, தூற்றத்தக்கதும் அன்று. உள்ள வரையில் முறையாகப் பேணத்தக்கது என்பதே அவர் நடைமுறையாக இருந்தது.

தாயின் இரு நோய்கள்

பிறருடைய நோயையும் இறப்பையும் அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதற்குத் தாயார் அழகம்மாளின் வாழ்க்கையே சான்றாகும். 1914ஆம் ஆண்டு, மகனைக் காணத் திருவண்ணாமலைக்கு வந்திருந்த தாயார் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். அப்போது இரமணர் அருகிலிருந்து பணிவிடை செய்தார். தாயின் காய்ச்சலைத் தணிக்குமாறு அருணாசலத்தை வேண்டிச் செய்யுள்களும் இயற்றினார். தாயார் நலம் பெற்றார். பின்னர் 1916ஆம் ஆண்டு மகனோடு தங்கிவிட வந்த அவர், அடியவர்களுக்குச் சமைத்துப் போட்டு அங்கேயே வாழ்ந்தார்.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் தாயாரின் இறுதி நாளாயிற்று. அன்று இரமணர் நோய் நீங்க வேண்டிப் பாடவில்லை. ஒரு கையைத் தாயின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, பகல் முழுவதும் அருகிலேயே அமர்ந்திருந்தார். இரவில் தாயின் உயிர் அமைதியாகப் பிரிந்தது. அதுவரை அவர் எழவில்லை. தாயார் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைச் சுற்றியே இரமணாசிரமம் வளர்ந்தது.

எட்டு ஆண்டு இடைவெளியில், ஒரே தாயின் இரு நோய்களில் ஒரே மகன் இருவேறு வகையில் நடந்துகொண்டார். நலம்பெற வாய்ப்புள்ள காய்ச்சலில் நலம் வேண்டினார். விடைபெறும் வேளையில் உடனிருந்தார். நோயைத் தீர்க்க வேண்டிய காலம் ஒன்று, நோயுற்றவரோடு அமர்ந்திருக்க வேண்டிய காலம் ஒன்று என இரண்டையும் அவர் பகுத்தறிந்திருந்தார். தம் உடலுக்கு நோய் வந்தபோதும் இப்பகுத்தறிவே அவருக்குத் துணைநின்றது.

முழங்கையில் ஒரு கட்டி

1948ஆம் ஆண்டின் இறுதியில் அவரது இடக்கை முழங்கைக்குக் கீழே சிறு கட்டியொன்று தோன்றியது. முதலில் அதை எவரும் பெரிதாகக் கருதவில்லை. 1949ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆசிரம மருத்துவர்கள் அதை அறுத்து நீக்கினர். புண் ஆறியது, ஆனால் ஒரு திங்களுக்குள் கட்டி முன்னினும் பெரிதாக வளர்ந்தது. மார்ச்சுத் திங்களில் சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் இராகவாச்சாரி இரண்டாம் முறை அறுவை செய்தார். அப்போதுதான் அது சார்கோமா என்னும் புற்றுநோய் வகை என்பது உறுதியாயிற்று.

சார்கோமா என்பது தசை, எலும்பு, கொழுப்பு, நரம்பு முதலிய இணைப்புத் திசுக்களில் தோன்றும் புற்றுநோய். அறுத்த இடத்திலேயே மீண்டும் முளைக்கும் இயல்புடையது. நுண்ணிய வேர்போல் சுற்றியுள்ள திசுக்களில் பரவியிருப்பதால், கண்ணுக்குத் தெரியும் கட்டியை மட்டும் நீக்கினால் போதாது. இன்றைய மருத்துவத்தில் இதற்குக் கதிர்வீச்சு, மருந்து, உறுப்பைக் காக்கும் நுண்ணறுவை எனப் பல வழிகள் உள்ளன. பலர் நலம்பெற்றும் வாழ்கின்றனர். 1949இல் இவ்வளவு வழிகள் இல்லை. ரேடியம் கொண்டு சிகிச்சை செய்து பார்த்தனர். புண் ஆறவில்லை, கட்டி மீண்டும் தலையெடுத்தது, குருதி கசிந்தது. அக்காலத்தில் கைக்கொள்ளத்தக்க கடுமையான வழி ஒன்றே இருந்தது. கையையே துண்டித்துவிடலாம் என்று மருத்துவர்கள் கருதினர்.

மறுப்பு

இரமணர் அதற்கு உடன்படவில்லை. அஞ்சவேண்டியது ஒன்றும் இல்லை என்றும், உடம்பே ஒரு நோய்தான் என்றும், அது தன் இயல்பான முடிவை அடையட்டும் என்றும், அதைச் சிதைக்க வேண்டியதில்லை என்றும், புண்ணுக்கு எளிய கட்டுப் போட்டால் போதும் என்றும் அவர் தெரிவித்தார். குரலில் வெறுப்போ கசப்போ இல்லை. மருத்துவர்மீது குறைகூறவும் இல்லை.

அவர் மறுத்தது எதை, மறுக்காதது எதை என்பதை இங்கு உற்று நோக்கவேண்டும். கையைத் துண்டிப்பதை மறுத்தபின்னும், ஆகஸ்டு 7ஆம் நாள் மூன்றாம் அறுவைக்கும், டிசம்பர் 19ஆம் நாள் நான்காம் அறுவைக்கும் உடலை ஒப்புக்கொடுத்தார். இடையில் ஆயுர்வேத மருத்துவரும் ஓமியோபதி மருத்துவரும் வந்தனர். மூலிகை இலைகளைக் கொண்டு கட்டுப்போட்டவர்களும் இருந்தனர். எவரையும் அவர் விலக்கவில்லை. தமக்கு நலம் வேண்டும் என்பதைவிட, தம்மிடம் அன்புகொண்டோர் செய்ய விரும்புவதைச் செய்யட்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்தது. ஆனால் அன்பிற்கும் ஓர் எல்லை வகுத்தார். உறுப்பை இழந்து சில நாள்களைக் கூட்டிக்கொள்வதே அவ்வெல்லை. அதைக் கடக்க அவர் இசையவில்லை.

இம்முடிவு அவரைச் சூழ்ந்திருந்தோருக்கு எளிதாக இருக்கவில்லை. அவர்களுள் மருத்துவர்களும் இருந்தனர். நோயைக் கண்டால் போராட வேண்டும் என்பது அவர்கள் பயின்ற பயிற்சி. தம் அன்பிற்குரியவர் கண்ணெதிரே நலிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பெருந்துயராயிற்று. அடியவர் சிலர், அவர் நினைத்தால் தம் நோயைத் தாமே போக்கிக்கொள்ள முடியும் என்று நம்பினர். அவ்வாறு நினைக்குமாறு கண்ணீரோடு வேண்டினர். அவ்வேண்டுகோளையும் அவர் ஏற்கவில்லை. தாம் பிரிந்து செல்வதாக அவர்கள் வருந்துவதைக் கண்டு, செல்வதற்கு வேறு இடம் ஏது என்னும் பொருள்பட அவர்களைத் தேற்றினார்.

உண்டு முடித்த இலையை எவரும் எடுத்துப் போற்றி வைப்பதில்லை என்னும் எளிய உவமையால் தம் கருத்தை அவர் விளக்கியதுண்டு. இவ்வுவமையில் இலையின்மீது இகழ்ச்சி இல்லை என்பது கருதத்தக்கது. விருந்து நடக்கும் வரை இலை வேண்டும். அதைக் கிழியாமல் காக்கவும் வேண்டும். விருந்து முடிந்தபின் இலையை விரித்து வைத்துக்கொண்டிருப்பதால் விருந்து தொடராது. பந்தியில் அமர்ந்து உண்டு பழகிய எவருக்கும் விளங்கும் உண்மை இது.

வலி இல்லை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. உடலுக்கு வலி உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். அவ்வலி தம்மைத் தொடவில்லை என்பதை அவர் முகமே பிறருக்குக் காட்டியது. மூன்றாம் அறுவை முடிந்த அன்று மாலையிலேயே, திரண்டிருந்த மக்கள் தம்மைக் காண இசைந்து அமர்ந்தார்.

இறுதி நாள்கள்

நான்காம் அறுவைக்குப் பின்னும் கட்டி மீண்டும் தோன்றியது, மேற்கையிலும் பரவியது. இனி அறுவையால் பயனில்லை என்று மருத்துவர்கள் கண்டுகொண்டனர். உடல் மெலிந்தது, குருதி குறைந்தது. ஆசிரமத்தின் சிற்றறை ஒன்றில் அவர் படுத்திருந்தார். தொலைவிலிருந்து தம்மைக் காண வருவோர் ஏமாற்றத்தோடு திரும்பலாகாது என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் மக்கள் வரிசையாக அறை வாயிலைக் கடந்து சென்று அவரைக் கண்டனர். அதை நிறுத்தினால் அவருக்கு ஓய்வு கிட்டும் என்று பிறர் கருதியபோதும் அவர் அதற்கு இணங்கவில்லை. உடல் வலிமைக்கெனத் தமக்கு மட்டும் சிறப்பாக ஏதேனும் தரப்பட்டால், எல்லோருக்கும் தருவதானால் தமக்கும் தரலாம் என்பதே அவர் நிலை.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், நுரையீரலில் சேர்ந்திருந்த சளியின் அடைப்பைத் தணிக்க மருத்துவர் ஒருவர் மருந்து கொண்டுவந்தார். அது வேண்டியதில்லை என்றும், இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இரமணர் அறிவித்துவிட்டார். மறுநாள் 14ஆம் நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் மக்கள் வழக்கம்போல் வந்து கண்டு சென்றனர். கதிரவன் மறையும் வேளையில், தம்மை எழுப்பி உட்கார வைக்குமாறு உதவியாளர்களிடம் குறிப்பால் உணர்த்தினார். அசைவு ஒவ்வொன்றும் அவருக்கு வலி தருவது என்பதை அறிந்திருந்த அவர்கள், தலையைத் தாங்கி மெல்ல அமர வைத்தனர். மருத்துவர் ஆக்சிஜன் தர முற்பட்டார். இரமணர் வலக்கையை அசைத்து அதை விலக்கினார்.

ஓராண்டு நடந்த சிகிச்சையில் அவர் மறுத்தவை மிகச் சிலவே. கைத் துண்டிப்பு, இறுதியில் வந்த மருந்து, ஆக்சிஜன். பிறர் அன்பினால் செய்தவற்றை எல்லாம் ஏற்றார். முடிவைத் தள்ளிப்போடுவதற்கென்றே செய்தவற்றை மட்டும் விலக்கினார்.

அறைக்கு வெளியே திண்ணையில் இருந்தோர், அவர் இளமையில் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அவர் கண்கள் திறந்தன. கண்ணோரத்தில் நீர் வழிந்தது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. இரவு மணி 8.47. அப்போது அவருக்கு வயது எழுபது. மறுநாள் தாயாரின் நினைவிடத்திற்கு அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பெற்றார். உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் அந்நாள்களில் ஆசிரமத்தில் இருந்து அவரையும் அங்குத் திரண்ட மக்களையும் படம்பிடித்தார்.

மறுப்பின் பொருள்

இரமணரின் முடிவை உயிர்மாய்த்தலோடு ஒப்பிடுவது பெரும் பிழையாகும். கோப்பெருஞ்சோழன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டான். இரமணர் உண்பதை நிறுத்தவில்லை. மருந்தை முற்றிலும் ஒதுக்கவில்லை. சாவை அழைக்கவும் இல்லை. வந்த முடிவை வழிமறித்து நிற்கவில்லை, அவ்வளவே. வாழ்வில் மனமுடைந்து உயிரை வெறுப்பவருக்கும், வாழ்ந்து நிறைந்து விடைபெறுபவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னவருக்கு வேண்டியது பிறர் துணையும் மருத்துவமும். அதை அவருக்கு அளிப்பது சமுதாயத்தின் கடமை. பின்னவருக்கு வேண்டியது அவருடைய விருப்பத்திற்கான மதிப்பு.

இவ்வேறுபாட்டைச் சட்டமும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு வருகிறது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம், நினைவு மீளாதிருந்த இளம்பெண் கேரன் குவின்லனின் வழக்கில், செயற்கைச் சுவாசக் கருவியை விலக்கக் கோரும் உரிமையை ஏற்றுக்கொண்டது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், கண்ணியத்தோடு வாழும் உரிமை கண்ணியத்தோடு இறப்பதையும் உள்ளடக்கியது என்று அறிவித்தது. மீளமுடியாத நிலையில் தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை, தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே ஒருவர் ஆவணமாக எழுதிவைக்கலாம் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது. அதற்கான நடைமுறை 2023ஆம் ஆண்டு எளிதாக்கப்பட்டது. ஒருவரின் உயிரைப் பிறர் மருந்து செலுத்தி முடிப்பதைச் சட்டம் ஏற்கவில்லை.

மருத்துவமும் தன் பார்வையை விரிவாக்கிக்கொண்டது. நோயைத் தீர்க்க இயலாதபோதும் நோயாளிக்குச் செய்யவேண்டியவை பல உண்டு என்பதை இங்கிலாந்தின் மருத்துவர் சிசிலி சாண்டர்சு வலியுறுத்தினார். 1967ஆம் ஆண்டு இலண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகம், வலியைத் தணித்து உடனிருக்கும் மருத்துவத்திற்கு உலகெங்கும் வழிகாட்டியாயிற்று. இன்று அது வலிதணிப்பு மருத்துவம் என்னும் தனித்துறையாக வளர்ந்துள்ளது. சிகிச்சையை மறுப்பவரைக் கைவிடலாகாது. அவர் விரும்பும் எல்லைக்குள் நின்று பேணவேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இரமணரின் முடிவு எல்லோருக்கும் பொருந்தும் விதியன்று. அதே நோயுற்ற மற்றொருவர், தம் குழந்தைகளுக்காகவோ முடிக்கவேண்டிய பணிக்காகவோ கையைத் துண்டிக்க இசைந்தால் அதுவும் போற்றத்தக்க முடிவே. அவரும் தம் முடிவைப் பிறர்மீது சுமத்தியதில்லை. தாயின் காய்ச்சல் தணிய வேண்டியவரும், அடிபட்டோருக்கு மருந்திடச் செய்தவரும் அவரே. நோயின் தன்மையை முற்றும் அறிந்து, தெளிந்த அறிவோடு, பிறர் வற்புறுத்தல் இன்றி, பொறுப்போடு எடுக்கப்படும் முடிவே ஒருவருக்குச் சொந்தமான முடிவாகும். அத்தகைய முடிவை எடுக்கும் வலிமை, நோய்ப்படுக்கையில் திடீரென வந்துவிடுவதில்லை. வாழ்க்கை குறித்தும் அதன் எல்லை குறித்தும் அஞ்சாமல் சிந்தித்துப் பழகியவருக்கே அது வாய்க்கிறது.

முடிவெடுத்தவருக்கு இருந்த துணிவைப் போலவே, அம்முடிவை ஏற்றுக்கொண்டவர்களின் துணிவும் நினைக்கத்தக்கது. ஆக்சிஜனை விலக்கிய கையை அந்த மருத்துவர் மீறவில்லை. உட்கார வைத்த உதவியாளர்கள் இறுதிவரை தலையைத் தாங்கியிருந்தனர். கையைக் காக்கவும் உயிரைக் காக்கவும் ஓராண்டு போராடியவர்கள், அவ்விரவில் அவரது விருப்பத்தைக் காத்தனர்.